கணுக்கால் உயரம்

"புல் கணுக்கால் உயரம். காற்று இல்லை.
பன்றிகளை விரட்டியாயிற்று."
வானொலியில் வாப்பு சொன்னது இவ்வளவுதான்.
யாருடைய கணுக்கால் என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

கோவெம்பி,
பப்புவா மலையின் தோளில் நானூற்றைம்பது மீட்டர் பச்சை.
கீழ் நுனியில் பள்ளத்தாக்கு, மேல் நுனியில் பாறை.
ஏறிக்கொண்டே இறங்க வேண்டும்,
இறங்கிக்கொண்டே ஏற வேண்டும்.
பரீட்சைத்தாளில் எழுதியபோது
விடுகதை போலிருந்தது.

மனம் மாறுவதற்கான கடைசி இடத்தை
ஒரு மொட்டை மரத்தில் வைத்திருக்கிறேன்.
மரத்தைத் தாண்டிவிட்டால்
உலகத்தில் என் பெயருக்கு எழுதியிருப்பது
அந்த ஒரு துண்டுப் புல் மட்டும்.

மூக்கை உயர்த்துகிறேன்,
மலை அதைவிட உயர்த்துகிறது.
கண்ணாடி முழுக்கப் பச்சை.
எச்சரிக்கைச் சீழ்க்கை விசும்பத் தொடங்க,
சக்கரம் தொட்டதா இல்லையா என்று
யாருக்கும் தெரியாத ஒரு நொடி.

தலைநகரின் கான்கிரீட்டில் சக்கரம் ஒருமுறை வீறிடும்,
கறுப்பாய் ஒரு கோடு கிழிக்கும், முடிந்தது.
புல் வீறிடாது.
உமிக்குள் கை விட்டதுபோல் ஒரு சரசரப்பு,
அப்புறம்தான் தரை.
தரைக்குள் படுத்திருக்கும் மேடு ஒவ்வொன்றும்
இருக்கை வழியே முதுகுத்தண்டில் ஏறித்
தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும்.
மூன்றாவது மேடு போன வருடம் பன்றி கிளறியது.
அதன் பின் வரும் சதசதப்பு, ஊற்று.
பிரேக்கைத் தொடக் கூடாது,
ஈரப் புல்லில் பிரேக் பிடிப்பது
சோப்பை இறுக்கிப் பிடிப்பது.
சரிவு நிறுத்தும், நம்பு.
நம்பினேன்.
வலப்புறம் கொஞ்சம் வழுக்கி நின்றேன்.

இறங்கிப் பார்த்தால் புல் என் ஆடுசதை வரை.
"வெட்டும்போது கணுக்கால்தான்" என்றார் வாப்பு,
"ராத்திரி மழை பெய்ததே."

குதிகாலால் மண்ணை அழுத்திக்கொண்டே
கீழ் நுனிவரை நடந்தேன்.
உள்ளங்கையில் பேனாவால் கணக்கு.
ஈரத்துக்கு இவ்வளவு, உயரத்துக்கு இவ்வளவு.
நாற்பது கிலோ இறங்க வேண்டும் என்று
யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன்.
லெபியின் மகனுக்குக் கை முறிந்திருக்கிறது.
காபி மூட்டைகள் இரண்டும்
மூத்தவளின் பள்ளிக் கட்டணம்.
தராசைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

வெள்ளைச் சட்டையும் சேவலுமாய்
விடிந்ததிலிருந்து காத்திருந்த தெம்பாரி
கதவைத் திறந்து குதித்தான்.
அறுபத்திரண்டு கிலோ.
"நடக்கிறேன், நாலு நாள்தானே.
சேவல் மட்டும் வரட்டும்,
அங்கே மாமா வாங்கிக்கொள்வார்."

பிரேக்கை மிதித்து முழு விசை.
இறக்கைகள் நடுங்கும்வரை வைத்திருந்து விடுகிறேன்.
முதலில் ஒன்றுமே நடப்பதில்லை.
கடன் கொடுத்தவன் சட்டையைப் பிடிப்பதுபோல்
புல் பிடித்துக்கொள்கிறது.
பாதிப் பாதையில் வேகமுள் பாதிக்கு வரவில்லை.
ஊற்று. மூன்றாவது மேடு.
மூக்குச் சக்கரத்தை முதலில் விடுவிக்கிறேன்,
காயத்தில் ஒட்டிய துணியைப் பிரிப்பதுபோல்,
அவசரப்படாமல்,
அவசரம் தவிர வேறெதுவும் மிச்சமில்லாத இடத்தில்.
முதுகுத்தண்டில் பேசிக்கொண்டிருந்தவர்கள்
ஒவ்வொருவராய் நிறுத்துகிறார்கள்.
புல் நுனிகள் தட்டுவது மட்டும்.
அதுவும் இல்லை.

விளிம்பில் தரை முடிந்தது,
நாங்கள் முடியவில்லை.
நூறடி விழுந்தோம், வயிறு மட்டும் மேலே தங்கிவிட.
பிறகு காற்று இறக்கையின் கீழ் தோள் கொடுத்தது.
லெபி மூச்சு விட்டாள்.
சேவல், இதற்காகவே காத்திருந்ததுபோல்,
கூவியது.

திரும்பும்போது ஓடைக்கரையில்
ஒரு வெள்ளைப் புள்ளி நகர்வதைப் பார்த்தேன்.
எங்களுக்குப் பதினெட்டு நிமிடம்.

சேவலை வாங்க மாமா வரவில்லை.
அலுவலகத் தராசின் காலில் கட்டியிருக்கிறேன்.
சாயங்காலங்களில்
சக்கரத்தில் சிக்கிய புல்லைப் பிடுங்கிப் போட்டால்
விதையைத் தேடிக் கொத்துகிறது.
வந்தபோது இரண்டு கிலோ முந்நூறு,
இன்று காலை இரண்டு நானூறு.
மழை விடவில்லை.
நாளைக்கு நாலாம் நாள்.